வெள்ளிக்கிழமை ஃபில்டர்கள்

அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

‘தியாகராய நகர்ப் பகுதியில் காற்றிலுள்ள நுண்துகளுக்கு முதன்மையான காரணம், சாலையோரத்தில் விறகு எரிப்போர்.’

தரமணியில் எங்கள் ஆய்வகத்தில், ஏசி குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கணினி தந்த அட்டவணையைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். முடித்தபோது நிறைவாகக்கூட இருந்தது. பல மாத அலைச்சல் ஒரு வாக்கியத்தில் வந்து நின்றுவிட்டதே என்று.

அன்று மாலை பட்டினப்பாக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். கடற்கரைக்குப் போகும் சாலையின் ஓரத்தில் அம்மா குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சவுக்குக் கட்டையில் ஈரம் போலிருக்கிறது. புகை அவள் முகத்தை மறைத்து, பின்னாலிருந்த சுவரில் மோதி, சாலைப் பக்கமாகத் திரும்பியது.

“இன்னாத்துக்கு அங்கயே நின்னுக்கினு கீற? பைய வெச்சிட்டு வந்து இந்த மீன திருப்பு” என்றாள்.

விறகு எரிப்போர் என்று நான் எழுதியது யாரை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா மாலையில் மீன் வறுத்து விற்பவள். பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருக்கும் படித்துச் சொல்லியே நான் வளர்ந்தேன். இன்று முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். இதைச் சொல்லும்போது மற்றவர்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நான் தாழ்த்துவதில்லை. எங்கள் குடியிருப்பில் ‘காத்தப் படிக்கிற பொண்ணு’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட மூன்றாவது மாடியைக் காட்டும்.

என் படிப்பு இதுதான். நகரத்துக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மிதக்கின்றன. தலைமுடியின் தடிமனோடு வைத்துப் பார்த்தால் அதில் சிறு பங்குகூட இராது. மூக்கு அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துவிடும். அவை எங்கிருந்து வருகின்றன என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டினப்பாக்கத்தையும் சேர்த்த மயிலாப்பூரில் ஒன்று, தி.நகரில் ஒன்று, அடையாற்றில் ஒன்று என மூன்று மொட்டை மாடிகளில் எங்கள் மெஷின்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பம்ப். அது நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சி, ஒரு தட்டை அளவுள்ள வெள்ளை ஃபில்டர் வழியாக விடும். மூன்று நாளுக்கு ஒரு முறை, காலை பத்து மணிக்குப் போட்டு மறுநாள் பத்து மணிக்கு எடுப்பேன். வெள்ளையாகப் போனது சாம்பல் நிறத்தில் வரும். அதை எடைபோட்டு, பாதியை வெட்டிச் சோதனைக்கு அனுப்பி, மீதிப் பாதியை ஆய்வக ஃப்ரீஸரில் வைப்போம்.

ஹவுஸிங் போர்டு மாடிப்படி ஏறும்போது எந்த வீட்டில் என்ன குழம்பு என்று மூக்கு பிரித்துச் சொல்லிவிடும் அல்லவா? ஏறக்குறைய அதே வேலையை நாங்கள் கருவிகளை வைத்துச் செய்கிறோம். சோடியம் நிறைய இருந்தால் கடல் உப்பு. டயர் தேய்ந்தால் துத்தநாகம் தெரியும். வனேடியம் வந்தால் துறைமுகத்துக் கப்பல்கள் எரித்த எண்ணெயாக இருக்கலாம். விறகு எரிந்தால் பொட்டாசியம் கூடும், கரியும் கூடும். எல்லாவற்றையும் கணினியிடம் கொடுத்தால் எவையெல்லாம் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பார்த்துக் கூறுகட்டித் தரும். அந்தக் கூறுகளுக்குப் பெயர் வைப்பது நாம்தான். தி.நகரில் பெரிய கூறு ஒன்றுக்கு நான் ‘விறகு’ என்று பெயர் வைத்தேன்.

மறுநாள் காலை என் வழிகாட்டியான மேடத்தின் அறைக்குப் போனேன்.

“மேடம், அந்த தி.நகர் வரிய இன்னொரு தடவ பாக்கணும்.”

“ரிப்போர்ட் மாநகர அலுவலகத்துக்குப் போகப்போகுது. அவங்க உடனே செய்யற மாதிரி ஒண்ணு சொல்லுங்கன்றாங்க. வண்டியெல்லாம் நிறுத்த முடியாது. ரோட்டோர அடுப்புன்னா ஒரே வாரத்துல எடுத்துடலாம்னு நேத்து போன்லயே சொன்னார் அந்த அதிகாரி. மூணு பகுதிலயும்.”

“அதனாலதான் மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்கம்மா கடை எனக்குத் தெரியும். ரெண்டு தடவ சாப்பிட்டிருக்கேன். அதனாலதான் சொல்றேன். இந்த வரிய நீ மாத்தினா, அம்மாவுக்காக மாத்தினாள்னுதான் பேசுவாங்க. உன்ன துளிகூட நம்பாத ஒருத்தர் எதிர்ல வெச்சாலும் நிக்கிற காரணமா கொண்டா.”

“அப்படி ஒண்ணு கெடைக்கலன்னா?”

“வரி அப்படியே போகும். நீயும் கையெழுத்துப் போடுவ, நானும் போடுவேன். மழை பிடிக்கறதுக்குள்ள முடி. மழை வந்தா காத்து கழுவிட்டுப் போயிடும், அப்புறம் ஒண்ணும் தெரியாது.”

கோபம் வந்தது. வெளியே வந்து தண்ணீர் குடித்தபோது அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்று தெரிந்தது. அது கோபத்தை இன்னும் கூட்டியது. அவர் கேட்டதைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பது, இல்லையென்றால் அந்த வரியின் கீழ் கையெழுத்துப் போடுவது. மழுப்பலாக எழுதி நடுவில் நழுவுவதில்லை என்று தீர்மானித்தேன்.

முதலில் ‘விறகு’க் கூறு எந்தெந்த நாளில் ஏறியது என்று தேதிவாரியாக எழுதினேன். தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதினேன். ஏறிய நாட்களில் பெரும்பாலானவை வெள்ளிக்கிழமைகள். மற்ற நாட்களில் அந்தக் கூறு குட்டையாகத்தான் இருந்தது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வெள்ளிக்கென்று தனியாக எதுவும் இல்லை.

மேடம், “ஆடி வெள்ளியா இருக்கும். தெருவுக்குத் தெரு கூழ் காய்ச்சறாங்களே” என்றார். ஆனால் மாசி வெள்ளியும் உயரமாக இருந்தது, சித்திரை வெள்ளியும்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. வெள்ளிக்கிழமை எங்கள் கடைக்கு மோசமான நாள். பாதிப் பேர் அன்று கவுச்சி தொட மாட்டார்கள். அம்மா அரைக்கூடை மீன்தான் எடுப்பாள், அடுப்பையும் சீக்கிரமே அணைத்துவிடுவாள். தி.நகரில் மீன் கடைகள் குறைவு, பஜ்ஜிக் கடைகளும் டிபன் வண்டிகளும்தான் அதிகம். அவர்களுக்கோ வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் ஒரே மாதிரி. சொல்லப்போனால் ஞாயிறுதான் கூட்டம். அடுப்புதான் காரணமென்றால் ஞாயிறு ஏன் குட்டையாக இருக்கிறது? வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தெரிந்த அடுப்பு எது?

அடுத்த வெள்ளி காலை தி.நகர் மாடியில் ஃபில்டரைப் போட்டுவிட்டு, வழக்கம்போலக் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்தேன்.

அது பாண்டி பஜார் பக்கத்தில் ஒரு சந்தில் இருக்கும் மூன்று மாடிக் கட்டடம். கீழே மேட்சிங் பிளவுஸ் கடை, பாத்திரக் கடை, நடுவில் தையல்காரர்கள். மொட்டை மாடி அறையில் காவலாளியின் குடும்பம். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். மாடியைப் பெருக்குவது, மெஷினுக்கு மேல் யாரும் துணி காயப்போடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான்.

“இன்னா பாப்பா, கெளம்பலியா? வெயில்ல கருவாடா ஆவப் போறியா?”

“எங்க வீட்டுக்கு அது ஒண்ணும் புதுசில்லக்கா.”

அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் போட்டுக் கொடுத்தார். நான் நோட்டை வைத்துக்கொண்டு கால்மணிக்கு ஒரு முறை எழுதினேன். பதினோரு மணிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஜெனரேட்டர். இரண்டு மணிக்குத் தெருவில் ஒரு லாரி நின்று அரைமணி உறுமியது. மூன்று மணிக்கு பஜ்ஜிக் கடை அடுப்பு பற்றியது. அதன் புகை எதிர்ப்பக்கமாகப் போனது. நாலரை வரை வேறு எதுவும் இல்லை.

பிறகு மாடிப்படியிலிருந்து ஒரு வாசனை வந்தது. நல்ல வாசனை. யோசிக்காமல் அதை ஆழமாக இழுத்தேன்.

வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியுமாக ஒரு பாய் மேலே வந்தார். ஒரு கையில் சங்கிலி கட்டிய இரும்புச் சட்டி, அதில் கங்கு. இன்னொரு கையில் மயிலிறகுக் கட்டு. வெள்ளிக்கிழமைதோறும் கடைகடையாகச் சாம்பிராணி போடுகிறவர்களைத் தி.நகரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு பழக்கம். அவர் படி முடியும் இடத்தில் செருப்பைக் கழற்றினார். நேராக என் மெஷினிடம் போனார். சட்டியில் ஒரு பிடி சாம்பிராணித் தூளைத் தூவி, மெஷினின் தலையைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் காட்டினார். மயிலிறகால் புகையை அதன் பக்கம் விசிறினார். புகை மெல்ல வளைந்து, மெஷினின் தொப்பிக்கு அடியில் நுழைவதை நான் கண்ணாலேயே பார்த்தேன்.

“பாய்! பாய், நிறுத்துங்க!”

“இரும்மா, இன்னும் ரெண்டு சுத்து கீது.”

அக்கா அறையிலிருந்து ஓடி வந்தார். “ஏன் கத்தற? உன் மெஷினுக்குத்தான் காட்டறாரு. எத்தினி மாசமா காட்டறாரு தெரியுமா? ஒரு வெள்ளிகூட வுட்டதில்ல மனுசன்.”

“எதுக்குக்கா?”

“எதுக்கா? வந்த புதுசுல ரெண்டு தபா நின்னுபோச்சே, மறந்துட்டியா? தோ, இதே தொட்டிகிட்ட குந்திக்கினு அழுதியே. எவன் கண்ணோ பட்டுக்கீதுன்னு நாந்தான் பாய்கிட்ட சொன்னேன். அதுக்கப்பறம் ஒரு நாளாவது நின்னுச்சா? சொல்லு.”

நிற்கவில்லை. நான் அப்போது ஃப்யூஸையும் மாற்றியிருந்தேன், ஆனால் அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

“ஃபில்டர் எடுக்க வர்ற ஒவ்வொரு தபாவும் கேட்டனேக்கா, மாடில புகை ஏதாவது வந்துச்சான்னு. ஒண்ணியும் இல்லன்னீங்களே.”

“புகை எங்க வந்துச்சு? குப்பைய கொளுத்துனா புகை. லாரிக்காரன் வுட்டா புகை. இது சாம்பிராணி.”

ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஒரு பதிவுத்தாள் உண்டு. அதன் கடைசிக் கட்டத்தில் ‘குறிப்பு’ என்று இருக்கும். பெருக்கியது, பெயின்ட் அடித்தது, மின்சாரம் போனது எல்லாவற்றையும் அதில் எழுதுவேன். வெள்ளிக்கிழமைத் தாள்களில் ‘குறிப்பு ஏதுமில்லை’ என்று என் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. அக்கா பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் வெள்ளிதோறும் சாம்பிராணி உண்டு. வீட்டில் புகை வந்ததா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன். கேள்வியைச் சரியாகக் கேட்காதவள் நான்.

பாய் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்போ இன்னா ஆயிப்போச்சு? உன் பரீட்சைப் பேப்பர்ல நான் எழுதிட்டனா?”

“ஆமா பாய். நல்லா பெரிய எழுத்துல எழுதிட்டீங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நல்லதுக்குச் செய்ததைக் குற்றம் சொல்கிறாள் என்று அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாளில் இருந்த வெள்ளிக்கிழமைகளைக் காட்டி, அதைப் பார்த்து நான் என்ன எழுதினேன், அதை வைத்து யார் யார் கடையை எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். எங்கள் அம்மாவின் கடையையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

“அப்போ இந்தப் புகைக்கு அவங்க அடுப்பு மேல கேஸா?” என்றார் அக்கா. பிறகு பாயைப் பார்த்து, “மேல வராத பாய். கீழயே முடிச்சிக்கினு போ.”

“மெஷின் நின்னுபோனா என்னைத் திட்டக் கூடாது” என்றார் பாய்.

“நின்னா நானே திட்டு வாங்கிக்கறேன்” என்றேன்.

“சரிம்மா. கீழ வாசல்ல நின்னு மேல பாத்து ஓதிட்டுப் போறேன். ஓதுனா அதுக்குள்ள இழுக்குமா?”

“இழுக்காது பாய்.”

கீழே கடைகளில் சாம்பிராணி போடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது தி.நகரின் காற்றில் உண்மையாகவே இருக்கும் புகை. ஃபில்டரில் அது வரத்தான் வேண்டும். மெஷினின் மூக்குக்கு நேராகக் காட்டுவதைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

மேடத்திடம் ஓடினேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, “கண்ணால பாத்தது போதாது” என்றார். எனக்கும் தெரியும். அடுத்த வாரமே பாயை அவருடைய சட்டியோடு தரமணிக்கு வரவழைத்தேன். வாசல் காவலர் அவரை நிறுத்தி, “உள்ள கடையெல்லாம் இல்ல பாய், காலேஜு” என்றாராம். “தெரியும். என் புகைய டெஸ்ட் பண்ணக் கூப்டுக்கீறாங்க” என்று பாய் நிமிர்ந்து சொன்னதைக் காவலர் பல நாள் சொல்லிச் சிரித்தார். அந்தப் புகையைத் தனியாக ஒரு ஃபில்டரில் பிடித்தோம். கங்கும் கரிதான் என்பதால், விறகைப் போலவே அதிலும் பொட்டாசியமும் கரியும் இருந்தன. சாம்பிராணிப் பிசினுக்கென்று ஒரு அமிலம் இருக்கிறது. சாதாரண விறகில் அது இந்த அளவுக்கு வராது. ஃப்ரீஸரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய வெள்ளிக்கிழமைப் பாதிகளை எடுத்து மறுபடி சோதித்தோம். அந்த அமிலம் அவற்றில் இருந்தது. மற்ற நாட்களின் ஃபில்டர்களில் பெயருக்குத்தான் இருந்தது.

அதோடு, வெள்ளிக்கிழமை ஒன்றுகூட விடாமல் ஃபில்டர் போடத் தொடங்கினேன். முதல் வெள்ளி சரியாகப் போனது. இரண்டாவது வெள்ளி மதியம் அக்காவிடமிருந்து போன்.

“உன் மெஷின் நின்னுபோச்சு. நான் அப்பவே சொன்னேன்.”

தரமணியிலிருந்து தி.நகர் வரை எப்படிப் போனேன் என்று நினைவில்லை. பம்ப் மோட்டாரின் உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. அதற்கு ஆயுள் அவ்வளவுதான். நான்தான் முன்கூட்டியே மாற்றியிருக்க வேண்டும். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று தெரிந்தும், “ஒரே ஒரு சுத்து காட்டச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

“வேணாங்க்கா.”

“புடிவாதக்காரி.”

அந்த வெள்ளி வீணானது. தாளில் குறிப்பு எழுதினேன்: ‘பம்ப் நின்றது, கவனக்குறைவு என்னுடையது.’ அதற்குப் பிறகு ஐந்து வெள்ளிகள் ஒழுங்காகக் கிடைத்தன. ஆறாவது வெள்ளியன்று மழை பிடித்துக்கொண்டது.

முடிவு வந்த அன்று அட்டவணையைத் திறக்கும் முன் கைகளைத் துடைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மேடு காணாமல் போயிருந்தது. தி.நகரில் முதலிடத்துக்கு டீசலும் வண்டிப் புகையும் வந்தன. அதற்கடுத்து எங்கோ தொலைவில் நிலக்கரி எரிந்து, காற்றில் மாறி, நகரத்தின்மேல் படர்ந்து வருவது. பிறகு சாலைத் தூசி.

ஆனால் விறகு போகவில்லை. குட்டையாகிவிட்டது, கீழே இறங்கிவிட்டது, ஆனால் இருந்தது. மூன்று மாடிகளிலும் இருந்தது. அது பூஜ்யமாக வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பது, அது அப்படி வராதபோதுதான் எனக்கே தெரிந்தது.

“கஷ்டமா இருக்கா?” என்றார் மேடம்.

“இல்ல மேடம்” என்றேன். பொய். “நம்ம விறகுக்கு வேற ஊர் அடுப்போட அடையாளத்தத்தான் வெச்சுப் பாத்திருக்கோம். இங்க எரியற அடுப்புல பிடிச்சாத்தான் சரியா இருக்கும்.”

“யார் அடுப்புல?”

நான் ஒரு தாளை அவர் முன் நகர்த்தினேன். பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப்பை வெளியே எடுத்துப்போக அனுமதி கேட்கும் தாள். அவர் அதில் கையெழுத்துப் போட்டார்.

அம்மா வழக்கமாக அடுப்பைப் பற்றவைக்கும் விதத்திலேயே பற்றவைக்கச் சொன்னேன். அவள் ஒரு காலிப் பால் கவரைக் கொளுத்திச் சவுக்குக்கு அடியில் செருகினாள். நான் பம்ப்பை அவள் தலை உயரத்தில் ஒரு கம்பில் கட்டினேன்.

தினம் வரும் ஆட்டோக்காரர் ஒருவர், “இன்னாக்கா, உன் பொண்ணு மீனுக்கு பிரஷர் பாக்குதா?” என்றார்.

“உனக்குத்தான் பாக்கணும். தெனம் எண்ணெய்ல பொரிச்சது துன்ற” என்றாள் அம்மா.

ஒரு மணி நேரம் ஓடவிட நினைத்திருந்தேன். அரை மணியிலேயே பம்ப் திணறியது. ஃபில்டர் அடைத்துக்கொண்டது. கிடுக்கியால் எடுத்துப் பார்த்தேன். வெண்மை எங்குமே இல்லை. சட்டியின் அடியைப் போல இருந்தது.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். “இதா? எவ்ளோ நேரம் வெச்ச?”

“அரை மணி.”

“மாடில வெக்கறியே, அது?”

“ஒரு நாள் முழுக்க.”

“அது எப்டி வரும்?”

“சாம்பல் கலர்ல.”

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் கருகும் வாசனை வந்தும் திரும்பவில்லை. நான்தான் போய்த் திருப்பினேன். பிறகு அவள் தன் நெஞ்சைத் தொட்டு, “உள்ள இப்டிதான் கீதா?” என்று கேட்டாள். நான் ஃபில்டரை டப்பியில் வைத்து மூடினேன்.

“கேஸ்ல பண்ணலாமேம்மா. ருசி கொஞ்சம் கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவுது.”

“ருசின்னு சொல்றதெல்லாம் துன்ன வர்றவங்களுக்கு. கடைக்கு சிலிண்டர் கேட்டா கடை லைசென்ஸ் அட்டை கீதான்றான். அட்டை கேட்டா கடை எங்க கீதுன்றான். ரோட்ல கீதுன்னா, போம்மான்றான். எத்தினி தபா போய் வந்துகீறேன் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. அவள் அந்த அலுவலகங்களுக்குப் போனது நான் தரமணியில் உப்பையும் கரியையும் பிரித்துக்கொண்டிருந்த நேரங்களில். படிவத்தை நிரப்பித்தர என்னைக் கேட்டிருக்கலாம். ‘படிக்கிற புள்ளைய தொல்ல பண்ணக் கூடாதுன்னு’ கேட்கவில்லையாம்.

அன்று வியாபாரம் முடியும்வரை நான் கடையிலேயே இருந்தேன். மடிக்கணினியை மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து, முதலில் எழுதிய வாக்கியத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒளிக்க விரும்பவில்லை.

“எரிப்போர்னா?”

“எரிக்கிறவங்க.”

“நாங்களா?”

“ஆமா.”

அவள் கத்தவில்லை. கட்டையை வெளியே இழுத்து மணலில் தேய்த்து அணைத்தாள். “அடுப்பப் பத்தி எயுது. ஆள ஏன் எயுதற? ஆனா புகை இல்லன்னு மட்டும் எயுதிடாத. இங்க நிக்கறவளுக்குத் தெரியும் கீதா இல்லியான்னு.”

புதிதாக எழுதினேன். ‘தி.நகரில் நுண்துகளுக்கு முதன்மையான காரணம் டீசல் மற்றும் வாகனப் புகை. முன்பு விறகு எனக் கருதப்பட்டதில் பெரும்பகுதி, கருவிக்கு அருகே காட்டப்பட்ட சாம்பிராணிப் புகை, பிழை எங்களுடையது. விறகு அடுப்புகளின் பங்கு சிறியது, ஆனால் மூன்று பகுதிகளிலும் உள்ளது. அதை மிக அருகிலிருந்து சுவாசிப்போர் அவ்வடுப்புகளில் வேலை செய்வோரே.’ படித்துக் காட்டினேன்.

“சிலிண்டர் குடுக்கணும்னு போடு.”

“அது நான் அளந்தது இல்லம்மா. புகை எங்கேர்ந்து வருது, யாருக்குப் போவுதுன்னுதான் நான் எழுத முடியும்.”

“சரி. நீ அத்த எயுது. மீதிய நான் கேட்டுக்கறேன்.”

மேடம் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். ‘பிழை எங்களுடையது’ என்ற இடத்தில் பேனாவை வைத்து யோசித்தார்; அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு பேனாவை என்னிடம் நீட்டினார்.

அறிக்கை போன பிறகு மயிலாப்பூரில் வார்டு அலுவலகத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். நான் முன்வரிசையில் அறிக்கையோடு இருந்தேன். அம்மா பின்னால், பட்டினப்பாக்கத்துப் பெண்கள் சிலரோடு. அடுப்புகளைப் பற்றிய பகுதி வந்ததும், யாரும் கூப்பிடாமலே எழுந்து முன்னால் வந்தாள். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்து, அதிலிருந்து சின்ன பிளாஸ்டிக் டப்பியை எடுத்து அதிகாரியின் மேசையில் வைத்தாள். கறுப்பு ஃபில்டர். கடையில் புகை பிடித்த மறுநாளே அவள் கேட்டாள் என்று நான்தான் கொடுத்திருந்தேன், சோதனைக்கு ஒரு பாதியை வெட்டிக்கொண்டு.

“இன்னாம்மா இது, தீஞ்ச அப்பளமா?” என்று யாரோ கேட்க, சிலர் சிரித்தார்கள்.

“அரை மணி நேரத்துப் புகை சார். என் மூஞ்சிக்கு நேரா வெச்சி எடுத்தது. நான் தெனம் அஞ்சு மணி நேரம் நிக்கறேன். கடைய எடுத்தா வேற தெருவுல போட்டு இதே கட்டையத்தான் எரிப்பேன். அட்டை குடு, சிலிண்டர் வாங்கிக்கறேன். இந்த அடுப்ப நானே ஒடச்சிடறேன்.”

பின்வரிசையிலிருந்து, “நாங்களுந்தான்” என்றன இரண்டு மூன்று குரல்கள். அதிகாரி டப்பியைத் திறக்காமல் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்து, “இது உங்க ஆய்வுல எடுத்ததா?” என்றார்.

“ஆமா சார். எப்படி எடுத்தேன்னு எழுதி வெச்சிருக்கேன்.”

அவர் பக்கத்தைப் புரட்டினார். ‘அகற்ற வேண்டியவை’ என்ற பட்டியலில் சாலையோர அடுப்புகளை அடித்துவிட்டு, ‘எரிபொருள் மாற்ற வேண்டியவை’ என்ற இடத்தில் எழுதினார். அட்டை உடனே வந்துவிடவில்லை. அதற்கான படிவத்தை இம்முறை நான் நிரப்பினேன். பின்வரிசைப் பெண்களுடையதையும் சேர்த்து. அந்த விண்ணப்ப எண்களை வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை போன் செய்கிறேன். அட்டை வரும்வரை செய்வேன். அடுப்பு இன்னும் எரிகிறது. பால் கவரை மட்டும் அம்மா நிறுத்திவிட்டாள்.

எங்கள் ஆய்வகத்தில் எந்த ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு ஒன்று உண்டு. ஃப்ரீஸர், சோதனைக்கூடம், எடை அறை என்று எல்லாவற்றுக்கும் இடம் எழுதப்பட்டிருக்கும். வருடக் கடைசியில் சரிபார்த்தபோது அம்மாவின் அடுப்பில் பிடித்த அந்தக் கறுப்புப் பாதிக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. அதிகாரியின் மேசையிலிருந்து அம்மா அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அட்டை கைக்கு வரும்வரை தர மாட்டாளாம். பேனாவை எடுத்து, என் கையெழுத்தில் தெளிவாக எழுதினேன்: ‘அம்மாவிடம்.’